ஒரே கூடத்தில் இரண்டு பிறந்தநாள்கள்: வீட்டு விழா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருச்சி உறையூரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில், 850 சதுர அடியில், இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும் கொண்ட வீடு எங்களுடையது. எங்கள் மகளின் இரண்டாம் பிறந்தநாளை 2024 மே மாதத்திலும் மூன்றாம் பிறந்தநாளை 2025 மே மாதத்திலும் இதே கூடத்தில்தான் நடத்தினோம். முதலாவது விழா, வந்தவர்கள் எல்லாரும் வயிறார உண்டு வாழ்த்திச் சென்ற பிறகும், குழந்தையைப் பொறுத்தவரை முழுத் தோல்வி. இரண்டாவது, சில உறவினரின் மனக்குறையையும் மீறி, அவள் சிரித்தபடி கடந்த ஒரு காலைப்பொழுது. இரண்டுக்கும் இடையில் வீடும் மாறவில்லை, பெற்றோரும் மாறவில்லை. எது மாறியது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் பிறந்தநாள் இந்த ஆய்வில் சேராது. அது குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தியதோடு முடிந்த சடங்கு. அதன் நேரத்தை ஜோதிடரும் பூசாரியும் குறித்துக் கொடுத்தார்கள், குழந்தை அழுவதை அங்கே யாரும் குறையாகக் கருதவுமில்லை. நேரத்தை நாங்களே முடிவு செய்ய வேண்டிய நிலை இரண்டாம் ஆண்டில்தான் வந்தது.

2024: மாலை ஆறரை மணி

அந்த ஆண்டு பிறந்த தேதி வியாழக்கிழமையில் வந்தது. அலுவலகம் முடிந்து வருபவர்களுக்கு வசதியாக மாலை ஆறரை மணி என்று அழைப்பில் போட்டோம். அறுபது பேரை அழைத்தோம், ஏறத்தாழ ஐம்பது பேர் வந்தார்கள். விழா ஏற்பாட்டாளர் ஒருவர் மூலம் அலங்காரம், புகைப்படக்காரர், சமையல் ஒப்பந்தம், மூன்று கிலோ கேக், முப்பது குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் எனச் செலவு 37,000 ரூபாயைத் தொட்டது.

ஆறரை என்று போட்டால் ஏழரைக்கு வருவது நம் ஊர் வழக்கம், அதைக் கணக்கில் எடுத்தே அப்படிப் போட்டோம். ஆனால் என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு தஞ்சாவூரிலிருந்து வந்து சேரும்வரை கேக் வெட்டக் கூடாது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் ஏற்றுக்கொண்ட முடிவாக இருந்தது. அவர்கள் வந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. எட்டரைக்கு உறங்கிப் பழகிய குழந்தை, அன்று பகலில் வீட்டில் நடந்த தடபுடலில் மதியத் தூக்கத்தையும் இழந்திருந்தது. கழுத்திலும் அக்குளிலும் அரிக்கும் நெட் துணி கவுன், ஐம்பது பேரின் மூச்சுச் சூடு, மே மாதப் புழுக்கம் ஆகியவற்றோடு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைக்கப்பட்டு, முன்பின் அறியாத முகங்கள் இருட்டில் சுற்றி நின்று ஒரே குரலில் பாடத் தொடங்கியதும், அவள் வீறிட்டு அழுதபடி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். அந்த ஆல்பத்தில் கேக்கை வெட்டும் கை என் மாமனாருடையது.

அடுத்த அரை நிமிடத்தில் நடந்தது இன்னும் மோசமானது. பத்து வயது உறவுக்காரப் பையன் ஒருவன் ஏற்பாட்டாளர் வைத்திருந்த ஸ்னோ ஸ்ப்ரேயை எடுத்து, மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்த பக்கமாகவே அடித்தான். நுரை பட்ட இடத்தில் ஒரு முழ உயரத்துக்குத் தீ எழுந்து, தொங்கிய காகிதத் தோரணத்தின் ஓரத்தைக் கருக்கிவிட்டு அடங்கியது. யாருக்கும் காயமில்லை. இத்தகைய ஸ்ப்ரே குப்பிகளில் நுரையை வெளியே தள்ளுவதற்குப் பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயுக்களையே பயன்படுத்துகிறார்கள் என்பதும், சமையல் சிலிண்டரில் இருப்பதும் அதே வகை வாயுதான் என்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. குப்பியின் பின்புறத்தில் தீயருகே பயன்படுத்தாதீர் என்று எறும்பளவு எழுத்தில் எழுதியிருந்தது. பிறந்தநாள் விழாவில் மெழுகுவர்த்தி இல்லாத இடத்தில் அதை எப்போதுதான் அடிப்பார்கள் என்று தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று கிலோ கேக் பெட்டி எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் நுழையவில்லை. நான்கு மணி நேரம் கூடத்தில் இருந்ததில் கிரீமால் எழுதிய பெயர் சரிந்து ஓரத்தில் தேங்கியது. ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் பெரியவர்களுக்குப் பிடித்தன. குழந்தைகள் அப்பளத்தை மட்டும் தின்றார்கள். ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுத்த விளக்கெரியும் பம்பரத்தின் மூடி திறந்து உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி வெளியே வந்துவிட்டதாக மறுநாள் ஒரு தாய் தொலைபேசியில் சொன்னார். விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடிய பொருள் அது. முப்பது வீடுகளுக்கும் வரிசையாகத் தொலைபேசியில் பேசி, பம்பரத்தைக் குழந்தையிடமிருந்து வாங்கிவிடும்படி சொன்ன அந்தப் பகல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2025: நேரத்திலிருந்து தொடங்கிய திட்டம்

மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே என் கணவர் ஒரு யோசனை சொன்னார். யாரை அழைப்பது, எந்த நிறத்தில் அலங்கரிப்பது என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, பத்து நாட்கள் குழந்தையின் நாளைக் குறித்துவைப்போம் என்றார். நாட்காட்டியின் ஓரத்திலேயே குறித்தோம். ஆறே முக்காலுக்கு விழிப்பு, எட்டரைக்குக் காலை உணவு, ஒன்றேகாலிலிருந்து மூன்று வரை தூக்கம், இரவு எட்டரைக்கு உறக்கம் என்று ஓரிரு நாள் தவிர மற்ற நாட்களில் கோடு போட்டதுபோல் வந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று, நான்கு வயதினருக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது. எங்கள் மகள் அந்த எல்லைக்குள்தான் இருந்தாள். ஆனால் அந்தக் குறிப்பில் எங்களுக்குப் பயன்பட்டது வேறொன்று. பத்தில் ஏழு நாட்களில் அவள் காரணமில்லாமல் அழுதது மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில். அதே பத்து நாட்களில் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அழுதது ஒரே ஒரு முறை, அதுவும் கால் இடறி விழுந்ததற்காக. சென்ற ஆண்டு நாங்கள் விழா வைத்தது, அவளது நாளிலேயே மிக மோசமான இரண்டு மணி நேரத்தில் என்பது அப்போதுதான் கண்ணெதிரே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை என்று முடிவு செய்தோம். ஞாயிறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதியில் வேலைநாட்களில்தான் வருகிறது. மே மாதக் காலையில் மின்விசிறி இல்லாமல் பத்துக் குழந்தைகளை ஒரு கூடத்தில் வைத்திருக்க முடியாது.

நேரத்தை முடிவு செய்த பிறகு மற்றவை தாமாகவே வடிவெடுத்தன. காலை என்பதால் உணவு டிபன். டிபன் என்பதால் சமையல் ஒப்பந்தம் வேண்டியதில்லை, வழக்கமாக உதவிக்கு வரும் சமையல்கார அம்மாவும் என் மாமியாரும் போதும். இருவர் சமைப்பதென்றால் ஐம்பது பேருக்கு இயலாது, இருபதைத் தாண்டக் கூடாது. இருபது பேர் என்றால் நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டாம், முதியவர் நால்வருக்கு இருக்கும் நாற்காலிகளைப் போட்டு மற்றவர்கள் கோரைப்பாயில் உட்காரலாம். சென்ற ஆண்டு இந்தச் சங்கிலி தலைகீழாக ஓடியது. ஆள் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியதால் செலவும் கூட்டமும் நேரமும் அதன் பின்னால் இழுபட்டு, கடைசியில் மிஞ்சிய இடத்தில் குழந்தை பொருந்த வேண்டியதாயிற்று.

நட்சத்திரப் பிறந்தநாளை விழாவிலிருந்து பிரித்தோம். அது வாரநாள் ஒன்றில் வந்தது. பெரியவர்களோடு கோவிலுக்குச் சென்று குழந்தையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு என்று முடித்தோம். சடங்கும் விளையாட்டும் ஒரே நாளில் சேரும்போது, சடங்கின் தாமதம் விளையாட்டைத் தின்றுவிடுகிறது.

உணவு

பொடி இட்லி, மெதுவடை, ரவா கேசரி, காய்கறி சேவை, கடைசியில் தயிர் சாதம். மினி இட்லித் தட்டில் வார்த்து, நல்லெண்ணெயில் பொடியைக் குழைத்துப் புரட்டிய இட்லிகளைக் குழந்தைகள் கையாலேயே எடுத்துத் தின்றன. ஒரு குழந்தை பதினொன்று தின்றதை அதன் தாய் நம்பாமல் மீண்டும் எண்ணினார். வடையில் முழு மிளகு போடவில்லை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வகுந்து வைத்தோம். வேர்க்கடலையும் பாப்கார்னும் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. முழு திராட்சையும் கடலையும் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவிலேயே இருக்கின்றன. நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் வேர்க்கடலையே முன்னிற்கிறது. விக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டுப் பெரியவர்கள் நால்வரும் முன்பே பழகிக்கொண்டோம். ஒரு வயதைக் கடந்த குழந்தையானால் முன்பக்கமாகக் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே ஐந்து அழுத்தம். கைக்குழந்தையானால் வயிற்றில் அழுத்தாமல் மார்பில் அழுத்த வேண்டும். அதே நேரத்தில் ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். நல்லவேளையாக அது தேவைப்படவில்லை.

அழைப்புச் செய்தியிலேயே, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று கேட்டிருந்தோம். இது நம்மிடையே அதிகம் இல்லாத பழக்கம். கேட்டதற்காக ஒருவர் சிரித்தார். ஆனால் பக்கத்துத் தளத்துக் குழந்தைக்குப் பால் ஒவ்வாமை இருப்பது, அவர்களோடு இரண்டு ஆண்டுகள் பழகிய பிறகும், அந்தக் கேள்வியால்தான் எங்களுக்குத் தெரிந்தது. நெய்யிலும் பால் புரதத்தின் மிச்சம் இருக்கலாம் என்பதால், அன்று காலை நெய்ச் சம்புடத்தைத் திறப்பதற்கு முன்பே, தனி வாணலியில் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு கிண்ணம் கேசரியைக் கிளறி, கரண்டியோடு மூடி, மேலே அந்தக் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டிவைத்தார் என் மாமியார். இதையெல்லாம் செய்துகொண்டே, அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சாண்ட்விச் வைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது மயோனைஸ் பேச்சும் வந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்திருந்ததால் அந்த யோசனை அங்கேயே நின்றது.

கேக் ஒரே கிலோ, முட்டை இல்லாதது. முன்கூட்டியே கடையில் பெட்டியின் அளவைக் கேட்டு, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டை அளவுகோலால் அளந்து, தயிரையும் மாவையும் மேல்தட்டுக்கு மாற்றி இடம் செய்தோம். சூடு 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கிரீம் போன்ற பொருள்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் பொதுவிதி. திருச்சியின் மே மாதத்தில் கூடம் அந்த அளவைக் காலையிலேயே தாண்டிவிடுகிறது. எனவே கேக் வெட்டும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்புதான் வெளியே எடுத்தோம்.

தட்டும் தோரணமும்

தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், உறிஞ்சுகுழல் ஆகியவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. நாடு முழுவதற்குமான 2022 ஜூலை 1 தடை, பலூன் குச்சியையும் அலங்காரத் தெர்மாகோலையும் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. இருந்தும் 2024இல் எங்கள் மகளின் பெயர் தெர்மாகோல் எழுத்துகளில்தான் சுவரில் மின்னியது. சட்டத்தைப் படித்திருந்த நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இம்முறை காந்தி மார்க்கெட்டிலிருந்து நுனி இலைக்கட்டு வாங்கினோம். வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையமே அமைந்திருக்கும் ஊரில் காகிதத் தட்டைத் தேடி அலைந்திருக்கிறோம் என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சுவரில் மாவிலையும், குழந்தையே வண்ணம் தீட்டிய காகிதச் சங்கிலியும் தொங்கின.

பலூன் இல்லாமல் முடியாது என்று எல்லாரும் சொன்னதால் இருபதை மட்டும், வாயால் ஊதாமல் கைப்பம்பால் நிரப்பி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினோம். பிறந்தநாள் விழாவில் மிகவும் அப்பாவியாகத் தோன்றும் பொருள் பலூன். ஆனால் உடைந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது மிகக் கடினம். அமெரிக்காவில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைப்பு அபாயம் என்ற எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். மேலே மிதக்கும் கேஸ் பலூனை முற்றிலும் தவிர்த்தோம். தெருவில் கிடைப்பவற்றில் விலை கூடிய ஹீலியத்துக்குப் பதிலாக, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை அடைப்பது உண்டு. சென்ற ஆண்டு ஒரு முழத் தீயைப் பார்த்த கண்ணுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒத்திகையும் அட்டைப்பெட்டியும்

பாட்டுக்கும் மெழுகுவர்த்திக்கும் குழந்தை அஞ்சியதை நாங்கள் மறக்கவில்லை. விழாவுக்கு முந்தைய ஐந்து நாட்களும் காலை இட்லியின் மேல் ஒரு சிறு மெழுகுவர்த்தியைக் குத்தி ஏற்றி, நாங்கள் இருவர் மட்டும் மெல்லிய குரலில் பாடி, அவளை ஊதச் சொன்னோம். முதல் நாள் என் தோளில் முகம் புதைத்தாள். இரண்டாம் நாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்றாம் நாள் ஊதினாள், தீ அணையாமல் எச்சில் மட்டும் இட்லியில் தெறித்தது. நான்காம் நாளிலிருந்து மெழுகுவர்த்தி இல்லாமல் இட்லி சாப்பிட மறுத்தாள். விழா நாளில் விளக்குகளை அணைக்கவில்லை. மூன்றாம் நாள் தெறித்த எச்சிலை நினைவில் வைத்து, மெழுகுவர்த்தியைப் பெரிய கேக்கில் குத்தாமல் தனியாக வைத்த ஒரு சிறு கப் கேக்கில் குத்தினோம். நல்ல நாளில் தீபத்தை ஊதி அணைப்பது என் மாமியாருக்கு எப்போதுமே உறுத்தல்தான். அவருக்காக முதலில் குத்துவிளக்கை ஏற்றி, அது எரிந்துகொண்டிருக்க, மெழுகுவர்த்தியை ஊதினோம். சரியாகப் பதினொரு மணிக்கு, வந்திருந்தவர்களோடு, யாருக்காகவும் காத்திராமல் கேக் வெட்டினோம். கத்தியைப் பிடித்திருந்தது அவள் கை.

விளையாட்டில் எங்கள் திட்டம் பொய்த்தது. நான் ஒரு வாரம் சிரமப்பட்டுத் தைத்த துணிப் பொம்மைகளை வைத்துக் கதை சொல்லத் தொடங்கியதும், நான்காவது நிமிடத்திலேயே முன்வரிசை காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டார் புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜின் அட்டைப்பெட்டியைப் பால்கனிக் கதவருகே ஒதுக்கி வைத்திருந்தோம். அதைக் கண்டுபிடித்த குழந்தைகள் நாற்பது நிமிடங்களுக்கும் மேலாக உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் கதவைத் தட்டுவதுமாக இருந்தார்கள். ரிட்டர்ன் கிஃப்டாக வைத்திருந்த மெழுகு வண்ணப் பெட்டிகளை அப்போதே பிரித்துக் கொடுத்தோம். அட்டைப்பெட்டியின் உள்ளும் புறமும் கிறுக்கல்களால் நிறைந்தன. பொம்மை வாங்காமல் வண்ணத்தையும் நோட்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சென்ற ஆண்டின் பம்பரம்தான். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்றாலும், மலிவுப் பொருள்களில் அதை நாங்கள் தேடிய கடைகளில் காண்பது அரிதாக இருந்தது.

சண்டையும் நடந்தது. விருந்தாளிக் குழந்தை ஒன்று எங்கள் மகளின் மர லாரியை எடுத்ததும், அவள் அதன் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். மூன்று வயதுக் குழந்தையிடம் தன் வீட்டில், தன் நாளில், தனக்குப் பிடித்த பொருளைப் பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மையை எதிர்பார்த்தது எங்கள் தவறு. அவளுக்கு மிகவும் பிடித்த நான்கைந்து பொம்மைகளை முந்தின இரவே அவளிடம் சொல்லிவிட்டுப் பரணில் ஏற்றியிருக்க வேண்டும்.

கணக்கும் மனக்குறையும்

குழந்தைகள் பத்துப் பேர், பெரியவர்கள் பதின்மூன்று பேர்; திட்டமிட்ட இருபதை மூன்று தாண்டியது. மளிகை, சமையல் உதவிக்குக் கொடுத்தது, கேக், வண்ணப் பெட்டிகள், பலூன், பருத்திச் சட்டை என எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி விருந்தினர் கிளம்பினார்; ஒன்றரைக்கு மகள் தூங்கிவிட்டாள், வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதமாக.

இந்தத் திட்டத்தால் தீர்க்க முடியாதது உறவுக் கணக்கு. அழைக்காத வீடுகளுக்கு மாலையில் கேசரியும் வடையும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள், இருவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே வரச் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து கணவரின் அண்ணன் குடும்பம் பன்னிரண்டேகாலுக்கு வந்து சேர்ந்தபோது கேக் தீர்ந்திருந்தது. குழந்தையின் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. இலையில் தயிர் சாதம் பரிமாறியபோது, “நாங்க வர்றதுக்குள்ளயே முடிச்சிட்டீங்களாக்கும்” என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொன்னாலும் அது குழந்தையின் தூக்கத்தைச் சாக்கு வைப்பதாகவே கேட்டிருக்கும் என்பதால், இரண்டாம் முறை சாதம் வைத்துவிட்டு நகர்ந்தோம். அதற்கு அடுத்த மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்கு வந்த அழைப்பு, நேரில் வந்து வைத்ததல்ல, வாட்ஸ்அப்பில் வந்தது.